சுடுகாட்டு மல்லி சொல்லும் பாடம்: காட்டுச்செடிச் சாறு மருந்தாவது எப்போது?

முசிறி காவிரிக் கரையிலும், சுற்றுவட்டாரக் கிராமங்களின் மயானங்களிலும், கோயில் மதில் ஓரங்களிலும் யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல் பூத்து நிற்கும் செடி ஒன்று உண்டு. ரோஜா நிறத்திலோ வெள்ளையிலோ ஐந்து இதழ்ப் பூ. ஆடு, மாடு வாய் வைக்காது. ஊரில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். ஏடுகளில் நித்தியகல்யாணி.

இந்தச் செடியிலிருந்துதான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து கிடைக்கிறது. அதனால்தான் "வரப்புக் களையில் புற்றுநோய்க்கு மருந்து", "இந்த இலைச்சாறு கிருமிகளைக் கொல்லும் என ஆய்வில் உறுதி" என்று செய்தி வரும்போது நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் வரும் இதுபோன்ற செய்தியைப் பார்த்து, எடுத்துக்கொண்டிருக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு இலையை அரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குவதற்கு ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் இரண்டு ஏக்கரில் மூலிகை போட்டுவிட்டுத் தவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு செடியின் சாற்றை எப்படிச் சோதிக்கிறார்கள், அந்த முடிவுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டு இழப்பையும் தவிர்க்கலாம்.

உறையில் வந்த 25 இலைகள்

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து உலகின் வெப்பநாடுகள் எங்கும் பரவியது. 1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவில் இருந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஒரு உறையில் 25 இலைகள் வந்தன. இந்த இலையைக் காய்ச்சி அங்குள்ள மக்கள் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்பதே செய்தி. அவர் அதைத் தன் சகோதரரும் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளருமான ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார்.

எலிகளுக்கு இலைச்சாற்றை வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசியாகச் செலுத்தினார்கள். சர்க்கரை அப்போதும் குறையவில்லை, ஆனால் எலிகள் நோய்த்தொற்று வந்து செத்தன. ஏன் என்று பார்த்தபோது ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது என்றால், வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று தோன்றியது அப்போதுதான். வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் இதே செடியைத் தனியாக ஆராய்ந்து வந்தது. அங்கே கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அனுமதி கிடைத்தது.

அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது. இன்று வின்கிரிஸ்டினையும் வேறு சில மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால், வசதியுள்ள நாடுகளில் இந்நோயின் முக்கிய வகையில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மக்கள் குடித்தது சர்க்கரை நோய்க்கு, கிடைத்தது புற்றுநோய் மருந்து. எலிகளைக் கொன்ற அதே குணம்தான், அளவு கட்டுப்படுத்தப்பட்டபோது மருந்தானது. அதற்கு இலையிலிருந்து குறிப்பிட்ட பொருளைப் பிரித்து, அளந்து, சோதித்துப் பார்க்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

முதல் வேலை: பெயரை உறுதி செய்வது

எந்தச் செடியைச் சோதிப்பதானாலும் முதலில் அது என்ன செடி என்று உறுதியாக வேண்டும். ஊர்ப்பெயரை நம்பி இறங்க முடியாது. சிறியாநங்கை என்று ஓரிடத்தில் நிலவேம்பைச் சொல்வார்கள், இன்னோர் இடத்தில் முற்றிலும் வேறு செடியைக் காட்டுவார்கள். கீழாநெல்லி என்று பறித்து வரும் கட்டில் அதே சாயலுள்ள வேறு இனங்களும் கலந்திருக்கும்.

அதனால் பூவோடும் காயோடும் பறித்த மாதிரியைக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, தாவரவியலாளரிடம் கொடுத்து அடையாளம் உறுதி செய்துகொள்கிறார்கள். இந்த வேலைக்குத் தமிழகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் தேடி வரும் இடங்களில் ஒன்று நம் திருச்சியிலேயே இருக்கிறது. தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம்.மேத்யூ 1967-ல் தொடங்கிய ராபினாட் தாவர உலர்காப்பகம் அது. தமிழகச் சமவெளிகளிலும் அதை ஒட்டிய மலைகளிலும் வளரும் செடிகளைத் தேடிப் பதிவு செய்த பெரும் பணி இங்கிருந்துதான் நடந்தது.

எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பாகம் பறிக்கப்பட்டது என்பதையும் எழுதி வைப்பார்கள். மண்ணும் பருவமும் மாறினால் செடியில் உள்ள மருந்துப் பொருளின் அளவும் மாறும். கரும்பில் சர்க்கரைச் சத்து நிலத்துக்கு நிலம் மாறுவதுபோலத்தான் இதுவும்.

சாறு எடுக்கும் விதம்

பறித்த இலையையோ வேரையோ கழுவி நிழலில் உலர்த்துகிறார்கள். வெயிலில் போட்டால் சில பொருட்கள் கெட்டுவிடும். காய்ந்ததை அரைத்துப் பொடியாக்கி, ஒரு கரைப்பானில் ஊறவைத்தோ கருவியில் வைத்துச் சூடாக்கியோ சாறு இறக்குகிறார்கள். தண்ணீரில் சில பொருட்கள் மட்டுமே இறங்கும். எத்தனாலில் வேறு சில இறங்கும். எண்ணெய், மெழுகுத் தன்மை உள்ளவற்றுக்கு ஹெக்சேன் வேண்டும். பிறகு கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் அடியில் பிசின்போல் ஒன்று மிஞ்சும். அதுதான் சோதனைக்குப் போகும் கச்சாச் சாறு.

எனவே "எத்தனால் சாறு கிருமியைக் கொன்றது" என்று ஆய்வு சொன்னால், வீட்டில் அம்மியில் அரைத்துத் தண்ணீரில் கலக்கிய சாறும் அதையே செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டிலும் இறங்கியிருக்கும் பொருட்கள் வேறு, அளவும் வேறு.

கிருமிச் சோதனை

கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய விடுகிறார்கள். அதன் மேல் சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டபைலோகாக்கஸ், வயிற்றுப்போக்குக்குக் காரணமாகும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாவைப் பரப்புகிறார்கள். கூழில் சிறு குழிகள் இட்டு, ஒன்றில் செடிச்சாறு, ஒன்றில் ஏற்கெனவே தெரிந்த ஆன்டிபயாடிக், ஒன்றில் வெறும் கரைப்பான் விடுகிறார்கள். 37 டிகிரி செல்சியஸில் ஒருநாள் வைத்து எடுத்தால், சாறு வேலை செய்த இடத்தில் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் தெரியும். அதை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்.

வெறும் கரைப்பான் குழி எதற்கு? எத்தனாலே கிருமியைக் கொல்லும் பொருள்தான். அதைச் சுற்றியும் வட்டம் விழுந்திருந்தால், செடிக்கு அந்தப் பெருமை சேராது.

வட்டத்தின் அகலத்தை மட்டும் வைத்துச் சாற்றின் பலத்தைச் சொல்ல முடியாது. கூழில் எளிதில் பரவும் சாறு பெரிய வட்டம் போடும். அதனால் அடுத்ததாக, கிருமி வளர்ச்சியை நிறுத்தக் குறைந்தது எவ்வளவு சாறு வேண்டும் என்று பார்க்கிறார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால் அந்தக் கச்சாச் சாறு கவனிக்கத்தக்கது என்பது பொதுவான கணக்கு. ஆயிரத்தைத் தாண்டினால் மருந்தாகும் வாய்ப்பு குறைவு.

புற்றுநோய் செல் சோதனை

இந்தச் சோதனைக்கு நோயாளி தேவையில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் புற்றுநோய் செல்கள் போதும். இவற்றில் மிகப் பழையது 1951-ல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல். அவர் அந்த ஆண்டே இறந்துவிட்டார். செல்கள் இன்றும் உலகமெங்கும் வளர்கின்றன. நம் நாட்டு ஆய்வாளர்கள் பெரும்பாலும் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து இவற்றைப் பெறுகிறார்கள்.

நாற்றங்கால் தட்டுபோல 96 குழிகள் உள்ள சிறு தட்டில் செல்களை விட்டு, குழிக்குக் குழி அளவை ஏற்றிச் சாறு சேர்க்கிறார்கள். ஓரிரு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை விடுகிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும், செத்த செல் மாற்றாது. ஊதா எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளந்து சொல்லும். செல்களில் பாதியைக் கொல்ல எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதே முடிவு. கச்சாச் சாறு ஒரு மில்லி லிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் பாதி செல்களைக் கொன்றால் மேலே ஆராயலாம் என்பார்கள். 200, 300 தேவைப்பட்டால் பலவீனம் என்று பொருள். செய்தியில் இந்த எண்ணை யாரும் போடுவதில்லை. "புற்றுநோய் செல்லைக் கொன்றது" என்பது மட்டும்தான் வருகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதே சாற்றை நல்ல செல்லில் விட்டால் என்ன ஆகிறது? தட்டில் உள்ள செல்லைக் கொல்வது கடினமான வேலை இல்லை. பினாயில் ஊற்றினாலும் சாகும். நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லைக் கொல்கிறதா என்பதுதான் விஷயம்.

ஒரே வேலை செய்யும் இரண்டு செடிகள்

இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கரூர், திண்டுக்கல், திருப்பூர், அரியலூர் மாவட்டங்களில் பந்தல் போட்டும் கம்பி கட்டியும் சாகுபடி செய்யப்படும் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு. நம் மாநில மலர். இதன் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற பொருள் உள்ளது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் போன்ற இழைகள் உருவாகி, மரபுப்பொருளை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடும். நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டினும் செங்காந்தளின் கோல்ச்சிசினும் இந்த இழைகள் உருவாவதைத் தடுக்கின்றன. பிரிய முடியாமல் செல் செத்துப்போகும். தட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே புற்றுச் செல்லைக் கொல்லும்.

ஆனால் உடம்புக்குள் போனால் கதை வேறு. கோல்ச்சிசினில், பலன் தரும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால் அது புற்றுநோய் மருந்தாகவில்லை. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மிகச் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். பயிர் இனப்பெருக்கத்தில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும், விதையில்லாத் தர்பூசணி உருவாக்கவும் பயன்படுகிறது. கிழங்கைத் தவறுதலாகவோ வேண்டுமென்றோ தின்றவர்கள் உயிரிழந்த சம்பவங்கள் நம் கிராமங்களுக்குப் புதிதல்ல.

வின்கிரிஸ்டினும் சாதுவான மருந்து இல்லை. மருத்துவமனையில் ஒரு முறைக்குப் பெரியவர்களுக்கே பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். ரத்தக்குழாயில் மட்டும்தான் செலுத்துவார்கள். ஒரு கைப்பிடி இலையில் அது எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிப்பது ஆபத்து. சர்க்கரைக்கென்று பூவை மென்று தின்பதும் வேண்டாம்.

35,000 செடிகளில் எத்தனை தேறின?

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960-ல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் சுமார் 35,000 தாவர இனங்களிலிருந்து 1,14,000 சாறுகளைச் சோதித்தது. பெரிய மருந்துகளாக அதிலிருந்து தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962-ல் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்து வந்த பேக்ளிடாக்சல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1992-ல். முப்பது ஆண்டுகள்! லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் 1960-களிலிருந்து இந்தியச் செடிகளை இப்படி ஆயிரக்கணக்கில் சோதித்தது.

நம் கல்லூரிகளில் மாணவர்கள் எருக்கு, குப்பைமேனி, தும்பை, கண்டங்கத்தரி என்று எடுத்துச் செய்யும் சோதனைகள் இந்த நீண்ட பாதையின் முதல் படி. அதற்குப் பிறகு பொருளைப் பிரித்தெடுப்பது, விலங்குச் சோதனை, மூன்று கட்ட மனிதச் சோதனை எல்லாம் இருக்கின்றன. முதல் படி வீண் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் வின்கிரிஸ்டின் இல்லை. ஆனால் முதல் படியில் நின்றுகொண்டு மாடி ஏறிவிட்டதாகச் சொல்லக் கூடாது.

வயலுக்கு உடனே உதவும் பக்கம்

கிருமிகளுக்கு எதிரான குணம் என்றால் மனித மருந்து மட்டுமே என்று நினைக்க வேண்டாம். பயிர் நோய்க்கும் கிருமிதான் காரணம். மனிதருக்கான மருந்துபோல இருபது, முப்பது ஆண்டுகள் இதற்குத் தேவையில்லை.

நெல்லில் வரும் இலையுறை அழுகல் நோய்க்கு, வாய்க்கால் ஓரம் மண்டிக்கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு இலைப்பொடிச் சாற்றையும், சீமைக்கருவேல் இலைப்பொடிச் சாற்றையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருக்கிறது. ஹெக்டேருக்கு 25 கிலோ பொடி. கதிர் பொதிப் பருவத்தில் ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை. 5 சத வேப்பங்கொட்டைச் சாறும், 3 சத வேப்பெண்ணெயும் இதே நோய்க்கு உண்டு. நிலக்கடலை மொட்டுக்கருகல் நச்சுயிரி நோய்க்குச் சோளம் அல்லது தென்னை இலையின் 10 சதச் சாறு.

ஆய்வுக்கூடத் தட்டில் தொடங்கி, வயல்வெளித் திடல்களில் தேறி, பரிந்துரைக்கு வந்தவை இவை. சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் தயாரிப்பு முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நித்தியகல்யாணி சாகுபடி: கணக்கு என்ன?

வறட்சி தாங்கும் பயிர். தண்ணீர் தேங்கினால் நுனிக்கருகல் வந்து காய்ந்துவிடும். அதனால் வாழையும் கோரையும் விளையும் ஆற்றுப் படுகை நிலத்துக்கு ஒத்துவராது. தாத்தையங்கார்பேட்டை, துறையூர்ப் பக்கத்து மானாவாரிப் புஞ்சைக்கே பொருந்தும். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ விதை, மணலில் கலந்து தூவ வேண்டும். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறித்து, ஓராண்டு முடிவில் வேரோடு அறுவடை. மானாவாரியில் ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ உலர் இலை, 300 கிலோ உலர் வேர், 400 கிலோ தண்டு. பாசனத்தில் இலையும் வேரும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இலை புற்றுநோய் மருந்துக்குப் போகிறது. வேரிலிருந்து ரத்தக் கொதிப்பு தொடர்பான மருந்துக்கு அஜ்மாலிசின் எடுக்கிறார்கள். லக்னோவின் மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர நிறுவனம் நிர்மல், தவல் என்ற வெள்ளைப்பூ ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர் இலை வேண்டும். அதாவது ஒரு ஏக்கர் மானாவாரி இலை முழுவதிலும் ஒன்றரை கிராம்தான் தேறும். மருந்தின் விலையைப் பார்த்து இலையின் விலையைக் கணக்கிட்டுவிடக் கூடாது. இடையில் இருப்பது பெரிய தொழிற்சாலை வேலை.

சந்தையும் நிலையானதல்ல. செங்காந்தள் விதை விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதும், அரசே கொள்முதல் செய்ய வேண்டும் என்று விவசாயிகள் கேட்பதும் நாம் அறிந்ததே. 2022-ல் வின்பிளாஸ்டினுக்கு மூலமான இரண்டு பொருட்களை ஈஸ்ட் நுண்ணுயிரியிலேயே உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அது மலிவாகத் தொழிற்சாலைக்கு வந்துவிட்டால் இலைக்கான தேவை குறையலாம்.

எனவே விதைப்பதற்கு முன், வாங்குபவர் யார், இலைக்கா வேருக்கா விலை, ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், விலை இறங்கினால் என்ன செய்வது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். விதையையோ நாற்றையோ கூடுதல் விலைக்கு விற்றுவிட்டு, விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று வாயால் மட்டும் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. முதல் ஆண்டு கால் ஏக்கரில் போட்டுப் பார்ப்பது நல்லது.

செடியைக் காட்டியவருக்கும் பங்கு உண்டு

கேரளத்தின் அகத்திய மலையில் 1987-ல் ஆய்வாளர்களோடு நடந்த காணிப் பழங்குடியினர், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு காயைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்குத் தரப்பட்டது.

2002-ன் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்கிறது. பச்சைமலை, கொல்லிமலை அடிவாரக் கிராமங்களுக்கு இது முக்கியம். எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பெரியவர்கள் சொல்வதைப் பதிவேட்டில் ஏற்றி வையுங்கள். வணிகத்துக்காக லாரி கணக்கில் வேரோடு பிடுங்கிப் போக யாராவது வந்தால் ஊராட்சியில் கேளுங்கள்.

செய்தி வந்தால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. சோதனை எதில் நடந்தது? தட்டில் உள்ள செல்லிலா, விலங்கிலா, மனிதரிலா?

2. எந்தப் பாகம், எந்தக் கரைப்பானில் எடுத்த சாறு?

3. எவ்வளவு அளவில் வேலை செய்தது?

4. நல்ல செல்லுக்கு என்ன ஆனது?

5. இதைச் சொல்பவர் எதையாவது விற்கிறாரா?

வேளாண் உதவி அலுவலர்களும் தோட்டக்கலைத் துறையினரும் கிராமக் கூட்டங்களில் இந்த ஐந்தையும் சொல்லிக் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் சிகிச்சை நடந்தால், வேறு எந்தக் கஷாயம் கொடுப்பதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டும். சில மூலிகைகள் ஊசி மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். சுடுகாட்டு மல்லியின் மருந்து தேவைப்படும் குழந்தைக்கு அது மருத்துவமனையில், அளந்து, ஊசியில்தான் கிடைக்கும்.